வெடிப்பலா: பேக்கப் எடுக்க முடியாத மரம்

(எபிசோடில் பேசியது, படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டுள்ளது.)

இந்த எபிசோட் செத்துப்போன மூணு விதையில இருந்து ஆரம்பிக்குது. கொன்னது நான்தான்.

போன வருஷம் ஆடி மாசம், ஆபீஸ் நண்பன் ஒருத்தனோட வால்பாறையில அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதி வழியிலயே மழை பிடிச்சு, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பையில இருந்த துணியெல்லாம் ஈரம். மறுநாள் காலையில மழை கொஞ்சம் விட்டதும் எஸ்டேட் ரோட்டோரமா நடந்தோம். தார் ரோட்டு நடுவுல ஒரு காய் வெடிச்சுக் கிடந்தது. உருண்டையா, உடம்பெல்லாம் முள்ளா, பார்க்க ஒரு குட்டி டூரியன். பக்கத்துல பழுப்பு நிறத்துல வழவழன்னு விதைகள், கிட்டத்தட்ட பலாக்கொட்டை மாதிரி. ஒண்ணு மேல ஏற்கெனவே ஜீப் ஏறியிருந்தது. மிச்சத்துல மூணை எடுத்து ஜெர்கின் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்.

கோயமுத்தூர் வந்து விதையைக் கழுவித் துடைச்சு மானிட்டர் பக்கத்துல வெச்சேன். ஏசி ரூம். "நல்லாக் காயட்டும், அப்புறம் நடலாம்"னு நினைச்சேன். எங்க அமுச்சி அவரை விதையையும் பூசணி விதையையும் சாம்பல்ல புரட்டிக் காயவெச்சு அடுத்த வருஷம் வரைக்கும் பத்திரமா வெச்சிருப்பாங்க. விதைன்னா காயணும், அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச விவசாயம். ஒரு மாசம் கழிச்சு தொட்டியில நட்டேன். தினமும் தண்ணி ஊத்தினேன். ஒண்ணும் வரல. தோண்டிப் பார்த்தா மூணும் பூஞ்சை பிடிச்சு உள்ள கருத்துப்போய்க் கிடந்தது.

நண்பனோட அப்பாவுக்குப் போன் பண்ணேன். எஸ்டேட்ல முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்.

"அங்கிள், அந்த முள்ளுக்காய் விதை முளைக்கவே இல்ல."

"காயவெச்சீங்களா தம்பி?"

"ஆமா அங்கிள், ஒரு மாசம்."

"அப்ப முடிஞ்சுது. அது வெடிப்பலா தம்பி. விழுந்த ஈரத்துலயே மண்ணு தொடணும். உங்களுக்காகவெல்லாம் அது காத்துக்கிட்டு இருக்காது."

இந்த எபிசோட் முழுக்க அந்தக் கடைசி வரியைப் பத்தித்தான்.

முதல்ல மரம். வெடிப்பலா, சில இடங்கள்ல குரங்குப் பலான்னும் சொல்வாங்க. தாவரவியல் பேர் குல்லெனியா எக்ஸாரிலேட்டா. மேற்குத் தொடர்ச்சி மலையோட தெற்குப் பகுதியில மட்டும், ஏறக்குறைய 600 மீட்டர்ல இருந்து 1,400 மீட்டர் உயரம் வரைக்கும் உள்ள பசுமைமாறா மழைக்காட்டுல வளர்றது. நெருங்கின சொந்தங்கள் இலங்கையில இருக்கு. 30 மீட்டருக்கு மேல போகும். தூரத்துல இருந்து அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காத்தடிச்சா இலை திரும்பும்போது அடிப்பக்கம் வெள்ளியும் செம்பும் கலந்த மாதிரி மின்னும். அடியில நுண்ணிய செதில்கள் இருக்கறதால அப்படி.

பேர்ல பலா இருக்கே தவிர பலாவுக்கும் இதுக்கும் சொந்தமே கிடையாது. இன்னைய வகைப்பாட்டுல இது சேர்ந்திருக்கறது பருத்திக் குடும்பத்துல. வெண்டை, செம்பருத்தி, இலவம், டூரியன் எல்லாம் அதே குடும்பம். கோயமுத்தூர்க்காரங்களுக்கு இதுல ஒரு கூடுதல் சுவாரசியம் இருக்கு. குல்லெனியாங்கற பேரை 1851ல வெச்சவர் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனியோட டாக்டரா வந்த ஸ்காட்லாந்துக்காரர். 1842ல அவரைக் கோயமுத்தூருக்கு அனுப்பினது பூ ஆராயறதுக்கு இல்ல, அமெரிக்கப் பருத்தி இங்க விளையுமான்னு பார்க்க. பருத்தி வேலைக்கு வந்தவர், பருத்திக்குச் சொந்தமான ஒரு காட்டு மரத்துக்குப் பேர் வெச்சுட்டுப் போயிருக்கார். அந்தப் பேர் அப்போ திருவிதாங்கூர்ல பிரிட்டிஷ் ரெசிடென்டா இருந்த ஜெனரல் வில்லியம் கல்லனுக்கு மரியாதை. மலையில காலங்காலமா இருக்கற காடர்களுக்கு இந்த மரம் தெரியும், கல்லனை அவங்களுக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல. போகட்டும், பேர் வைக்கறவங்க கையிலதான் பேனா இருந்தது. வைட்டுக்காக நூத்துக்கணக்கான செடிகளை வரைஞ்சு கொடுத்த ரங்கையா, கோவிந்து ரெண்டு பேரும் நம்ம ஊர் ஓவியர்கள். அவங்களைப் பத்தித் தனியா ஒரு எபிசோட் பண்ணணும்னு ரொம்ப நாளா வெச்சிருக்கேன்.

பேரோட ரெண்டாவது பாதி, எக்ஸாரிலேட்டா, அதுக்கு அர்த்தம் "விதையைச் சுத்திச் சதை இல்லாதது". டூரியன்ல நாம காசு கொடுத்துத் திங்கறது விதையைச் சுத்தின அந்தச் சதையைத்தான். இதுல அது கிடையாது. சுளை இல்லாத டூரியன்னு வெச்சுக்கோங்க. முள்ளை உடைச்சு உள்ள போனா நேரா விதை. சுளை இல்லைன்னா பறவை தூக்கிட்டுப் போய்த் தின்னுட்டுக் கொட்டையைத் துப்பாது. விதை கனம், காத்தும் தூக்காது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

ஆனா இந்த மரத்தோட பெரிய விசேஷம் காய் இல்ல, பூதான்.

வறண்ட மாசங்கள்ல, காட்டுல மத்த பழங்கள் குறைஞ்சு போற சமயத்துல இது பூக்கும். கிளையில ஒட்டினாப்ல கொத்துக் கொத்தா. பூவுல இதழே கிடையாது. கெட்டியான, சதைப்பற்றான புல்லிவட்டம் மட்டும். தேனீக்கு விளம்பரம் பண்ற மாதிரி கலர் எதுவும் இல்ல. ஏன்னா வாடிக்கையாளர் வேற. சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில், ராத்திரியில வௌவால், மரநாய். இதுங்க வந்து பூவையே பிச்சுத் தின்னும். பூவைத் தின்னா மரத்துக்கு நஷ்டம்தானேன்னு தோணும். களக்காடு முண்டந்துறையில இதை உட்கார்ந்து கவனிச்சவங்க டி. கணேஷும் சௌபத்ரா தேவியும். 2000ல அவங்க வெளியிட்ட ஆய்வு சொல்றது, இந்தப் பாலூட்டிகள் பூவைத் திங்கறதோட மகரந்தச் சேர்க்கைக்கும் உதவுது. தின்னுட்டு மூஞ்சியில மகரந்தத்தோட அடுத்த கொத்துக்குப் போகுது. மரம் பூக்கறது ஏராளமா, அதனால ஒரு பங்கைத் தீனியா கொடுத்தாலும் மிச்சம் காயாகும். குரங்கு மகரந்தம் சுமக்கற மரம் உங்க ஊர்ல எத்தனை இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

அதே குரங்கு நாலு மாசம் கழிச்சு பிஞ்சுக்காயை உடைச்சு விதையையும் தின்னும். நல்ல கூட்டாளி, ஆனா சம்பளம் கொஞ்சம் ஜாஸ்தி.

சிங்கவால் குரங்குக்கு வெடிப்பலா முக்கியமான தீனிகள்ல ஒண்ணு. உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும் சில ஆயிரம் உயிரோட இருக்கற, அழியும் அபாயத்துல இருக்கற குரங்கு அது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோட தாவரவியலாளர் பாஸ்கல் இந்த மலைகளோட காட்டை வகைப்படுத்தினப்ப, நடு உயர மழைக்காட்டுக்கு வெச்ச பேரே மூணு மரத்தைச் சேர்த்துத்தான்: குல்லெனியா, மெசுவா, பலாக்வியம். வெடிப்பலா அந்தக் காட்டோட இன்ஷியல் மாதிரி.

சரி, இப்ப என் செத்துப்போன விதைக்கு வரேன்.

விதைன்னா என்ன? நம்ம மனசுல இருக்கற படம், தூங்கற செடி. நெல், ராகி, தக்காளி, அவரை, எல்லாம் அப்படித்தான். செடியிலேயே காய்ஞ்சு, ஈரத்தை வெளியேத்தி, உள்ள எல்லா வேலையையும் நிறுத்திட்டுத்தான் கீழ விழும். இன்னும் காயவெச்சுக் குளிர்ல வெச்சா வருஷக்கணக்கா, சிலது பல பத்தாண்டு, உயிரோட இருக்கும். உலகத்துல உள்ள விதை வங்கிகள் எல்லாம் நம்பி நிக்கறது இந்தக் குணத்தைத்தான். நார்வேயில, வட துருவத்துக்குப் பக்கத்துல, 2008ல திறந்த ஸ்வால்பார்ட் பெட்டகம் கேள்விப்பட்டிருப்பீங்க. மைனஸ் 18 டிகிரியில பயிர் விதைகள். ஒரு நாட்டுல போர் வந்து விதை வங்கி போனாலும் அங்க இருந்து எடுத்துக்கலாம். எங்க பாஷையில சொன்னா ஆஃப்சைட் பேக்கப். சிரியா போர் சமயத்துல அப்படி எடுத்து மறுபடி விதைச்சும் இருக்காங்க.

ஆனா இன்னொரு வகை விதை இருக்கு. 1973ல ராபர்ட்ஸ்ங்கற விஞ்ஞானி இந்த ரெண்டு வகைக்கும் பேர் வெச்சார். முதல் வகை, சொன்ன பேச்சு கேக்கற விதை. ரெண்டாவது, அடம்பிடிக்கற விதை. அடம்பிடிக்கறது என்னன்னா, காய மாட்டேங்குது. மரத்துல இருந்து விழும்போதே உள்ள ஏகப்பட்ட ஈரம், செல்கள் வேலை பார்த்துக்கிட்டே இருக்கு. தூங்கவே தூங்காது. விழுந்த உடனே முளைக்கற வேலை ஆரம்பிச்சிடும். ஈரம் ஒரு அளவுக்குக் கீழ போச்சுன்னா செல் சவ்வுகள் கிழிஞ்சு செத்துடும். சரி, காயவெக்காம அப்படியே ஃப்ரீசர்ல வெச்சா? உள்ள இருக்கற தண்ணி ஐஸ் ஆகி அந்த ஐஸே செல்லைக் குத்திக் கிழிக்கும். ரெண்டு பக்கமும் அடி.

ஏன் இப்படி ஒரு முட்டாள்தனமான டிசைன்னு முதல்ல எனக்குத் தோணுச்சு. வால்பாறை மழையில ரெண்டு நாள் நனைஞ்சவன் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. வருஷம் பூரா ஈரமா இருக்கற காட்டுல விதை எதுக்காகக் காத்திருக்கணும்? காத்திருந்தா எலி தின்னும், பூஞ்சை தின்னும், வண்டு தின்னும். பெரிய விதையா இருந்து, உள்ள சாப்பாட்டை நிறைய வெச்சுக்கிட்டு, விழுந்த சில நாள்லயே வேரை இறக்கிட்டா, பெரிய மரங்களோட நிழல்லயும் ஒரு குட்டிச் செடி கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். அந்தக் காட்டுக்கு அது சரியான கணக்கு. காடு காடா இருக்கற வரைக்கும்.

இது ஏதோ ஒரு மரத்தோட வினோதம்னு நினைக்காதீங்க. 2018ல கியூ தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள் நேச்சர் பிளான்ட்ஸ் இதழ்ல ஒரு கணக்கு போட்டாங்க. உலகத்து மர வகைகள்ல சுமார் 33 சதவீதம் இந்த அடம்பிடிக்கற விதை ரகம். மிக அருகிய நிலைப் பட்டியல்ல இருக்கற தாவரங்கள்ல 36 சதவீதம். ஈர வெப்பமண்டலக் காட்டோட மேல்விதான மரங்கள்ல கிட்டத்தட்ட பாதி. அந்த நேரத்துல உலக நாடுகள் ஒரு இலக்கு வெச்சிருந்தது: அழியும் நிலையில இருக்கற தாவரங்கள்ல 75 சதவீதத்தை 2020க்குள்ள காட்டுக்கு வெளியேயும் பாதுகாக்கணும்னு. மூணுல ஒரு பங்கு விதை வங்கிக்குள்ளயே வராதுன்னா அந்த இலக்கை எப்படி எட்டறது? கருவை மட்டும் வெட்டி எடுத்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல வெக்கற வழி இருக்கு. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியா ஆராய்ச்சி பண்ணி முறையைக் கண்டுபிடிக்கணும், செலவும் பெரிசு.

வெடிப்பலாவோட அக்கம்பக்கத்துல இருக்கற இன்னொரு மரம் வெள்ளைக் குங்கிலியம். அதோட பிசினைத் தூபத்துக்கு எடுப்பாங்க. மரத்தைப் பிளைவுட்டுக்கு வெட்டினாங்க. விதையில இருந்து எடுக்கற கொழுப்பு சாக்லேட் தொழில்ல கோகோ வெண்ணெய்க்குப் பதிலா போகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998ல அதை மிக அருகிய நிலைன்னு பட்டியல்ல போட்டது. அதோட விதையும் அடம்பிடிக்கற ரகம்தான். பட்டியல்ல எந்த வரியில இருந்தாலும் சரி, இந்த மரங்களுக்கெல்லாம் இருக்கற ஒரே காப்பி, காட்டுல நிக்கற அந்த மரம்தான்.

இங்க ஒரு கதை சொல்லணும். பொள்ளாச்சிப் பக்கம் டாப்சிலிப் போனவங்க ஹ்யூகோ வுட் கல்லறையைப் பார்த்திருப்பீங்க. நூறு வருஷம் முன்னாடி ஆனைமலையில வன அதிகாரியா இருந்தவர், 1933ல இறந்தவர். கப்பலுக்கும் ரயிலுக்கும் வெட்டி மொட்டையான மலையில தேக்கை மறுபடி கொண்டுவந்தவர்னு சொல்வாங்க. அவரைப் பத்தி வழிவழியா வர்ற கதை, பாக்கெட் நிறைய தேக்கு விதையை வெச்சுக்கிட்டு நடப்பாராம். கைத்தடியால மண்ணுல குத்தி ஒரு குழி, ஒரு விதை, அடுத்த குழி. கேக்கவே நல்லா இருக்கு. நானும் அந்த ஜெர்கின் பாக்கெட்ல கையை விட்டப்ப மனசுல கொஞ்சம் ஹ்யூகோ வுட்டாத்தான் இருந்தேன். ஆனா தேக்கு வறண்டும் நனைஞ்சும் மாறிமாறி வர்ற காட்டோட மரம். அதோட விதை சொன்ன பேச்சு கேக்கற ரகம், பாக்கெட்ல கிடக்கும், சாக்குல கிடக்கும். அந்தக் கைத்தடி டெக்னிக் வால்பாறை மேட்டுக்கு வேலைக்கு ஆகாது.

இப்ப வால்பாறை. 1890கள்ல இருந்து இந்தப் பீடபூமியில காடு வெட்டி காபி, அப்புறம் தேயிலை. பிரச்சினை என்னன்னா தேயிலைக்குப் பிடிச்ச உயரமும் மழையும் வெடிப்பலாவுக்குப் பிடிச்ச அதே உயரம், அதே மழை. ரெண்டுக்கும் ஒரே பிளாட். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி, சுத்தி ஆனைமலை புலிகள் காப்பகம், நடுவுல தேயிலைக் கடல், அந்தக் கடல்ல தீவு மாதிரி மழைக்காட்டுத் துண்டுகள். சிலது சில நூறு ஹெக்டேர், சிலது ஒரு ஊர் மைதானம் அளவு. நிறைய துண்டுகள் எஸ்டேட்டுகளுக்குச் சொந்தமான தனியார் நிலம். தேயிலைக்குள்ள வரிசையா நிக்கற மரத்தைப் பார்த்து "எவ்ளோ பச்சையா இருக்கு"ன்னு ரீல்ஸ் போடறோம். அதுல பெரும்பாலும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தது.

இப்ப விதையோட கணக்கைத் துண்டோட கணக்குல போட்டுப் பாருங்க. ஒரு துண்டுல இருக்கற கடைசி வெடிப்பலா போச்சுன்னா, அடுத்த துண்டுல இருந்து விதை எப்படி வரும்? காத்துல வராது, பறவை வயித்துல வராது. அரை கிலோமீட்டர் தேயிலைங்கறது அந்த விதைக்குப் பாக் நீரிணை. மண்ணுக்குள்ள பழைய விதை தூங்கிக்கிட்டு இருக்குமான்னா, தூங்கற விதையே இல்லையே.

இதைவிட என்னைப் பாதிச்சது வேற ஒண்ணு. நண்பனோட அப்பா என்னைக் காபித் தோட்டத்துக்குள்ள ஒரு பெரிய வெடிப்பலா அடிக்குக் கூட்டிட்டுப் போனார். இது நடந்தது இந்த வருஷம், ரெண்டாவது தடவை போனப்ப. காபிக்கு நிழல் வேணும்னு காடு வெட்டினப்ப விட்டுவெச்ச மரம். ரெண்டு பேர் கை கோத்தாலும் பிடிக்க முடியல. நான் அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தேன்.

"மேல பாக்காதீங்க தம்பி, கீழ பாருங்க. என்ன தெரியுது?"

"காபிச் செடி."

"அதான். இது குஞ்சு எங்க? வருஷா வருஷம் காய்க்குது, விழுது, முளைக்கவும் செய்யுது. களை வெட்டறப்ப சேர்ந்து போயிடும். நானே எத்தனை வெட்டியிருக்கேன்னு கணக்கு இல்ல. அன்னைக்கு எங்களுக்கு அதுவும் களைதான்."

டேனியல் ஜான்சன்னு ஒரு சூழலியலாளர், மத்திய அமெரிக்கக் காடுகள்ல வேலை பார்த்தவர். மேய்ச்சல் நிலத்துல தனியா நிக்கற இந்த மாதிரி மரங்களுக்கு அவர் வெச்ச பேர் "உயிரோட இருக்கற பிணம்". மரம் பூக்கும், காய்க்கும், இன்னும் நூறு வருஷம் கூட நிக்கும். ஆனா அடுத்த தலைமுறை இல்ல. எண்ணிக்கை எடுக்கப் போனா "ஒரு மரம், நல்ல ஆரோக்கியம்"னு எழுதிட்டு வந்துடுவாங்க. டாஷ்போர்டு முழுக்க பச்சை, பின்னாடி ஓட வேண்டிய ஜாப் நின்னு பல வருஷம் ஆச்சு. என் வேலையில இப்படி ஒண்ணை நான் நேர்ல பார்த்திருக்கேன், அதனாலதான் வயித்தைக் கலக்குச்சு.

தோட்டத்துக்குள்ளதான் இந்த நிலைமைன்னா, காட்டுத் துண்டுக்குள்ளயும் பிரச்சினை உண்டு. ஓரத்துல வெயிலும் காத்தும் அடிச்சா மண்ணு காயும், அடம்பிடிக்கற விதைக்கு அதுவே எமன். அப்புறம் நம்ம காபி. குறிப்பா ரொபஸ்டா, தோட்டத்துல இருந்து பழந்தின்னிகள் வழியா காட்டுக்குள்ள போய் அடர்த்தியா முளைச்சிடுது. இதை அளந்து 2009ல ஆய்வாவே எழுதியிருக்காங்க. ஆப்பிரிக்காவுல இருந்து நிழலுக்குக் கொண்டுவந்த மேசோப்சிஸ் மரமும் அப்படித்தான். வால்பாறை ஊருக்குப் பக்கத்துல இருக்கற புதுத்தோட்டம் துண்டுல நல்ல எண்ணிக்கையில சிங்கவால் குரங்குகள் இருக்கு. நூறு ஹெக்டேருக்கும் குறைவான இடம். அங்க அதுங்க மேசோப்சிஸ் பழத்தைத் தின்னு அதோட விதையைப் பரப்புதுங்க. அது போதலைன்னா ரோட்டைத் தாண்டி வீட்டுக் கூரைக்கும், டீக்கடைக்கும், டூரிஸ்ட் நீட்டற சிப்ஸ் பாக்கெட்டுக்கும் வருதுங்க. வெடிப்பலாவுக்கு மகரந்தம் சுமந்த கை அது. ரோட்டுல வண்டி அடிச்சு செத்தும் போயிருக்கு. அதனாலதான் ரோட்டுக்கு மேல ரெண்டு பக்க மரத்தையும் இணைச்சுக் கயித்துப் பாலம் மாதிரி கட்டிவிட்டிருக்காங்க. அடுத்த தடவை அந்த இடத்துல ஸ்லோ பண்ணி மேல பாருங்க.

சரி, செய்யறதுக்கு ஏதாவது இருக்கா? இருக்கு, ஆனா மெதுவான வேலை.

2000 வாக்குல இருந்து நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் இவங்களோட குழு, வால்பாறையில மழைக்காட்டு மீட்டமைப்பு பண்ணிக்கிட்டு இருக்காங்க. எஸ்டேட் நிறுவனங்களோட பேசி, அவங்க நிலத்துல இருக்கற சீரழிஞ்ச துண்டுகள்ல இந்த மண்ணோட மரங்களையே நடறது. விதைக்கு எங்க போறாங்கன்னு கேட்டப்பதான் எனக்கு வெட்கமாப் போச்சு. ரோட்டோரம். எப்படியும் டயருக்கு அடியில போகப்போற விதை. நான் எடுத்த அதே மாதிரி விதை. வித்தியாசம் என்னன்னா, அதை ஈரம் காயறதுக்குள்ள நாற்றங்காலுக்குக் கொண்டுபோய், மண்ணுல போட்டு, முளைச்சதும் பையில மாத்தி, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வளர்த்து, தென்மேற்குப் பருவமழை பிடிச்சதும் துண்டுக்குள்ள நடறாங்க. ஒரே மரத்தை வரிசையா நடறது இல்ல. நூத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கலந்து, உண்ணிச்செடி மாதிரி களையை அகற்றிட்டு, தானா முளைச்சிருக்கற காட்டுக் கன்றுகளை வெட்டாம விட்டு.

நட்டு 7 வருஷத்துல இருந்து 15 வருஷம் ஆன இடங்களை, நடாம சும்மா விட்ட இடங்களோடயும் பழைய காட்டோடயும் ஒப்பிட்டு 2019ல ஒரு ஆய்வு வந்தது. நட்ட இடத்துல மரம் அதிகம், இனங்கள் அதிகம், சேமிச்ச கார்பனும் அதிகம். ஆனா பழைய காட்டோட அளவுக்கு இன்னும் வரல. எனக்கு இந்த ரெண்டாவது வாக்கியம்தான் முக்கியம்னு படுது. ஏன்னா "வெட்டினா என்ன, பத்து நட்டுக்கலாம்"னு சொல்றவங்க முதல் வாக்கியத்தோட நிறுத்திடுவாங்க. நட்டு இருபது வருஷம் ஆன மரமும் கை கோத்தாலும் பிடிபடாத அந்த மரமும் ஒண்ணு இல்ல. நடறதுக்கு விதையும் அந்தப் பழைய மரத்துல இருந்துதான் வரணும். இந்த வருஷம் வேண்டாம், பட்ஜெட் வந்ததும் அடுத்த வருஷம் நடலாம்னு விதையைக் கிடங்குல வெக்கவும் முடியாது.

இந்த எபிசோடுக்கு முன்னாடி இன்ஸ்டாவுல "வால்பாறை மரம்"னு போட்டதும் நிறைய பேர் கேட்டீங்க, விதை கிடைக்குமா, மாடியில வளர்க்கலாமான்னு. வேண்டாம்ங்க. கோயமுத்தூர் சித்திரை வெயில்ல அது நிக்காது. வன எல்லைக்குள்ள எதையும் எடுக்கறதும் தப்பு. போனா குரங்குக்கு எதையும் நீட்டாதீங்க, அது ஒண்ணு போதும். சொந்தக்காரங்க யாராவது மலையில காபி, ஏலக்காய் போட்டிருந்தா, நிழல் மரத்துக்கு அடியில களை வெட்டறப்ப அடிப்பக்கம் மின்னற இலையோட குட்டிச் செடி இருக்கான்னு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. தோட்டம் முழுக்க விடச் சொல்லல. மரத்துக்கு நாலு.

நண்பனோட அப்பா இந்த வருஷம் அதைத்தான் பண்ணார். அந்தப் பெரிய மரத்துக்கு அடியில, காபி வரிசைக்கு நடுவுல, இப்பத்தான் முளைச்ச ஆறு குஞ்சைச் சுத்திக் குச்சி நட்டு, பழைய சிவப்புச் சேலையைக் கிழிச்சுக் கட்டிவிட்டிருக்கார். களை வெட்டற அக்காங்களுக்குத் தெரியணும்னு. நேத்து வாட்சப்ல போட்டோ வந்தது. ஆறுல ரெண்டைக் காட்டுப்பன்னி கிளறிடுச்சு. "நாலு நிக்குது தம்பி"ன்னு கீழ ஒரு வாய்ஸ் நோட். பின்னால மழைச் சத்தம்.